கோமளா அக்காவின் புல்வெட்டி வண்டி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. எனக்கு அல்ல, என் கணவருக்கும் அல்ல; எங்கள் மகள் நிவேதாவின் கைப்பேசிக்கு. அறையிலிருந்து வெளியே வந்து, "பெரியம்மா போயிட்டாங்கம்மா" என்றாள். கோமளா அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அந்த நேரத்திலும் என் மனத்தில் முதலில் எழுந்தது, இவளுக்கு ஏன் முதலில் சொன்னார்கள் என்ற கேள்விதான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைப்பது நியாயமில்லை.

நான் மருமகளாக வந்தபோது அவர் அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பீரோ சாவி எங்கே, ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, எதைக் கேட்டாலும் "கோமளாவைக் கேளு" என்பார்கள். எனக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். பேச்சு குறைவு. பிள்ளைகள் இல்லை, அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வு பெறும்போது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்களாம். ஸ்டோர்ஸுக்குப் பின்னால் பல வருடமாகக் கிடந்த புல்வெட்டி வண்டியைக் கேட்டு வாங்கி, தன் வண்டலூர் வீட்டுக்குக் குட்டியானை வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்டார். சின்ன டிராக்டர் மாதிரி, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. இன்ஜின் இறுகிப்போயிருந்தது.

எல்லோரும் சிரித்தோம். என் கணவர், "அண்ணி, நம்ம வீட்ல புல் எங்க இருக்கு?" என்றார்.

"எதிர் கிரவுண்டுல இருக்கு. போன மழைக்கு ரெண்டு பாம்பு உள்ள வந்துச்சு. நீ ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே, வா."

போனார். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்ற நான் ஆள் தேட வேண்டும். அந்த மனிதர் அங்கே போய் இன்ஜினைக் கழற்றினார், நகக்கண்ணில் கருப்போடு திரும்பிவந்தார், சாப்பிடும்போது பிஸ்டனைப் பற்றிப் பேசினார். மூன்றாவது வாரம் நிவேதாவும் கூடப் போனாள். மண்ணெண்ணெயில் போல்ட் நட்டுகளைக் கழுவுவதும், துருவை உப்புத்தாளால் தேய்ப்பதும் அவள் வேலை. அக்காவின் கணவர் டயர்களைத் தாம்பரத்துக்குக் கொண்டுபோய்ச் சரி செய்துவந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். துணி துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் நான்கு பேர், இங்கே நான் ஒருத்தி.

ஒரு திங்கட்கிழமை அக்கா போன் செய்தார். நிவேதாவுக்கு ஒரு வரனை ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம்.

"ரேவதி, அவளுக்கு அந்தப் பையனைப் புடிக்கலை. உன்கிட்ட சொல்லப் பயப்படுறா. நீயா கேட்டா சொல்லிடுவா."

போனை வைத்துவிட்டேன். நான் பெற்ற பெண்ணுக்கு என்ன பிடிக்காது என்று இன்னொருவர் எனக்குச் சொல்கிறார். மகளிடமும் கேட்கவில்லை.

வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்ய ஒரு ஞாயிறு குறித்தார்கள். அன்று காலை எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னேன். வலியே இல்லை. தெருமுனை கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். சேதி கேட்டு வண்டலூரிலிருந்து ஓடிவந்த அக்கா, கையில் கிரீஸோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒன்றுமில்லை என்றதும், "நல்லா ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த மூன்று ஞாயிறும் என் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் சலித்துக்கொண்டே திரும்பினார். "பெல்ட் இன்னும் வரலையாம்." எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

ஒரு புதன்கிழமை, உறவுக்காரர் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வண்டலூர் போனேன். வீட்டுப் பக்கவாட்டில் வண்டி நின்றது. பச்சைப் பெயின்ட், புது ரெக்ஸின் சீட். அடியில் குனிந்து பார்த்தேன். பெல்ட் மாட்டியிருந்தது.

"பெல்ட் வரலைன்னாரே அக்கா?"

"எப்பவோ வந்துடுச்சு. நீதான் வரலை."

படியில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு எனக்கு நெஞ்சு வலி இல்லைக்கா."

"தெரியும். வலிக்கிறவங்க யாரும் கையைப் புடிச்சவளை அப்படி முறைக்க மாட்டாங்க."

அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நல்லவராக இருப்பதிலும் அவர் என்னை முந்திக்கொண்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். காபி குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு போனேன். என்னை சீட்டில் உட்காரவைத்து, சாவியைத் திருகச் சொன்னார். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நிவேதா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கட்டிக்கொண்டது அக்காவைத்தான். நான் அதிரும் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் நிவேதாவிடம் கேட்டேன். "அந்தப் பையனைப் புடிக்கலையா?" "புடிக்கலைம்மா" என்றாள். வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டோம். இதற்காக அக்காவுக்கு நான் நன்றி சொன்னதில்லை.

இரண்டு வருடம் அந்த கிரவுண்டை அவரே வெட்டினார். சேலை மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, நேர்க்கோடாக ஓட்டுவார். பிறகு சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். வண்டியை யாரும் எடுக்கவில்லை. மழையில் புல் முழங்கால் வரை வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது, புல் மண்டிய கிரவுண்டில் நாற்காலி போட இடமில்லாமல் வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நிவேதா வண்டியை வெளியே எடுத்தாள். என் கணவர் முன்னால் நடந்து கல்லைப் பொறுக்கிப் போட, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே கிரவுண்டின் ஒரு ஓரத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். கல்லூரியிலிருந்து அக்காவுடன் கடைசிச் சில மாதம் மட்டும் வேலை பார்த்த ஒரு பெண்மணி மாலையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். என்னை அவருக்குத் தெரியாது.

"வண்டியில போறது மேடத்தோட பொண்ணா?"

இல்லை, என் பெண் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"ஆமாங்க," என்றேன். "அவங்க பொண்ணுதான்."

அவர் மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆறுதல் சொல்ல அவளிடம் போனார். நான் தடுக்கவில்லை.

போய்வாருங்கள் அக்கா. எனக்கு இன்னும் பொறாமைதான்.