கோட் அவித்த கதை

ஒரு வாரமாக வெள்ளவத்தையில் வெயிலைக் காணோம். என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு வெள்ளைக் கோட். அதுவும் ஈரம். மறுநாள் காலையில் தலைமைக் குமாஸ்தா பதவிக்காகப் புதுத் துரையின் முன் நான் நிற்கவேண்டும். கோட் இல்லாத குமாஸ்தா துரைமார் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் பயப்படவில்லை. என்னிடம் யந்திரம் இருந்தது! சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் எடுத்தது—மின்சாரத்தில் துணி உலர்த்தும் அலமாரி. அடியில் சூடேறும் கம்பிச் சுருள். நடுவில் கோட் மாட்டக் கொக்கி. உச்சியில் ஓர் ஓட்டை.

கோட்டுக்குக் கஞ்சி போட்டு, உள்ளே தொங்கவிட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். நெடுநேரம் கழித்துத் திறந்தால்... தண்ணீர் சொட்டுகிறது!

வைத்தியம் தொடங்கிற்று. பிளக்கைக் கழற்றி மாட்டினேன். ஃபியூஸ் பழுதில்லை. கம்பிச் சுருள் செக்கச்செவேலென்று எரிகிறது. சூடு இருக்கிறது, காயவில்லை. இது என்ன நியாயம்?

பக்கத்தில் ஆலோசகராக என் மனைவியின் தம்பி. விஞ்ஞானத்தில் மற்றிக்குலேஷன் தேறியவர்.

"சூடு காணாது அத்தான். கதவிடுக்கெல்லாம் துணி வைச்சு அடையுங்கோ."

அடைத்தேன். கோட் முன்னிலும் அதிகமாக அழுதது.

ஆவி மணத்தில் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து அலமாரியின் உச்சியையும் பார்த்தாள்.

"அந்த ஓட்டைக்குள்ளை ஆர் இடுப்பிலை உடுக்கிற சாரத்தைத் திணிச்சது?"

"நான்தான் அக்கா," என்றார் விஞ்ஞானி, பெருமையோடு. "ஏலத்திலை வந்த அண்டைக்கே அடைச்சிட்டன். காசு குடுத்து எடுக்கிற சூடு சும்மா வெளியிலை போறதே?"

"ஈரம் போக வழியில்லாமல் எப்பிடியடா காயும்? இஞ்சருங்கோ, நீங்கள் ரெண்டு பேரும் கோட் காயவைக்கேல்லை. புட்டு அவிக்கிறியள்!"

நம்மவர் சிக்கனம் அப்படி. வீட்டை விட்டு எதுவும் வெளியே போகக்கூடாது—ஈரம் உட்பட.

சாரத்தை உருவியதும் ரயில் எஞ்சின் போல் ஆவி பாய்ந்தது. விடிவதற்குள் கோட் காய்ந்தது. சாதாரணமாக அல்ல—அவிந்து, வெந்து, பலகையாக! போட்டுக்கொண்டேன், கை மடங்கவில்லை. மனைவிதான் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டாள். கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் நின்றபடியே போனேன். உட்காரக் கோட் சம்மதிக்கவில்லை.

எனக்கு முன்னால் போன குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக இடுப்பு ஒடியக் குனிந்து துரையை வணங்கினார்கள். என் முறை வந்தது. குனியத்தான் பார்த்தேன், சத்தியமாக! கோட் 'கறுக்' என்றது. நான் நிமிர்ந்தபடியே நின்றேன்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடைசியில் ஒரு மனிதன்... முதுகு வளையாத மனிதன்!" என்றார் இங்கிலீஷில். பதவி எனக்கு!

செய்தி அரைமணி நேரத்தில் ஆபீஸ் முழுவதும் பரவிவிட்டது. திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்—ஒரு குமாஸ்தாவாலும் கை மடக்க முடியவில்லை. அத்தனை கோட்டிலும் கஞ்சி!

துரைக்கு முன் விறைத்து நிற்பதுதான் இப்போது எங்கள் புதுக் கும்பிடு.