பஞ்சாட்சரத்தின் புதிர்வேலி

ஜமுனாமரத்தூரிலிருந்து அருவிக்குப் போகிற சாலையில், பேருந்து முக்கி முனகி ஏறும் வளைவுக்குப் பக்கத்தில் பஞ்சாட்சரத்தின் நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் அவன் செய்து பார்க்காத காரியம் இல்லை. உருப்படியாக முடித்த காரியமும் இல்லை. ஊரார் சொல்வதற்கு முன்னால் இதை அவனே சொல்லிவிடுவான். அடுத்தவர் வாயால் கேட்பதைவிடத் தன் வாயால் சொன்னால் வலி கொஞ்சம் குறைகிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவன் அவன்.

சாமை போட்டான், காட்டுப்பன்றி தின்றது. காளான் கொட்டகை போட்டான், காளானைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. தேனீப் பெட்டி வாங்கி வைத்தான். தேனீக்கள் சில நாள் தங்கிப் பார்த்துவிட்டு, இந்த ஆளோடு ஒத்துவராது என்று தீர்மானித்து எதிர்மலைக்குக் குடிபோய்விட்டன. "அதுங்களுக்காவது வெவரம் இருக்குது" என்றாள் அவன் மனைவி கலைவாணி. அவளுக்கு அப்போது சிரிப்புதான் வந்தது, கோபம் வரவில்லை. அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

வாணியம்பாடியில் புளி மண்டி வைத்திருக்கும் மஜீத் பாய், வருடா வருடம் மலையேறி வந்து புளி எடுத்துப் போகிறவர். பஞ்சாட்சரத்தின் கதைகளையெல்லாம் கேட்டு அலுத்துப்போன அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"மண்டியில காவலுக்கு ஆள் வேணும்பா. தங்கறதுக்கு ரூம் கீது. மாசத்துக்கு ஒரு தபா வூட்டுக்கு வந்துட்டுப் போ. இன்னா சொல்ற?"

பஞ்சாட்சரம் என்ன சொல்வான்? திரும்பிக் கலைவாணியைப் பார்த்தான். மகள் பூவிழி திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இவனும் கீழே இறங்கிவிட்டால் அந்த வீட்டில் கலைவாணியும் ஆடுகளும்தான். அவள் புளியங்கொட்டை தட்டிக்கொண்டே, "போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பஞ்சாட்சரம் பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டான். போ என்கிறாளா, இரு என்கிறாளா? தான் போனால் அவளுக்கு வருத்தமா, நிம்மதியா? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் நிம்மதி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை. அவனுக்கு மலையை விட்டுப் போக மனமில்லை. சரியாகச் சொன்னால், அவளை விட்டுப் போக மனமில்லை. இதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் அவனுக்கு எந்த வயதிலும் வரவில்லை. அதனால் மஜீத் பாயிடம், "அரையாண்டு லீவு வரைக்கும் டைம் குடுங்க பாய்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் ஒரு படம் பார்த்தான். எங்கோ வெளிநாட்டில், சோளக்கொல்லைக்குள் வளைந்து வளைந்து வழி வெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த வாசல் திறக்கும். தப்பாக அவிழ்த்தால் தலையில் தண்ணீர் கொட்டும், காலடியில் பள்ளம் விழும். இப்படி மாட்டிக்கொண்டு அலறுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்! பஞ்சாட்சரத்துக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்க்கை முழுக்கச் சும்மாவே மாட்டிக்கொண்டு முழித்தவன் அவன். இதில் அவனுக்கு இருக்கும் அனுபவம் யாருக்கு இருக்கிறது?

ஆடி மாதம் வேலையைத் தொடங்கினான். காட்டில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை வெட்டி, நெருக்கமாக நட்டு, முள்ளைச் சொருகி, ஆள் உயரத்துக்கு மேல் வேலி கட்டினான். போக, திரும்ப, முட்டிக்கொள்ள என்று வேலிக்குள் வேலி. நுழையும் படல் போக உள்ளே மூன்று வாசல். வாசலுக்குக் கதவு செய்ய அவனுக்குத் தெரிந்தது ஒரே முறைதான், ஆட்டுப்பட்டிக் கதவு. மூங்கில் படல். பின்னால் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தியதும் குறுக்குக்கழி விழுந்துவிடும். உள்ளே போன ஆடு அந்தப் பக்கமாகத் திரும்பி வர முடியாது. ஆட்டுக்குச் சரியாக இருப்பது மனிதனுக்கும் சரியாக இருக்கும் என்று நம்பினான். வாசல்தோறும் நாலைந்து கயிறு தொங்கும். புதிருக்கு விடை கண்டு சரியான கயிற்றை இழுத்தால் கழி தூக்கிக்கொள்ளும். தப்பான கயிற்றை இழுத்தால் மேலே கட்டியிருக்கும் பானை கவிழ்ந்து தலையெல்லாம் உமி.

ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எத்தினி ஆடு வாங்கப் போற?" என்று கேட்டார்கள்.

வேலி எழும்பியதும் கலைவாணி வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள். அந்த மலையில் ஒரு வேலி சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. அவள் முந்தானையில் முடிந்துவந்த அவரை விதையை வேலியோரம் முழுக்க ஊன்றிவிட்டுப் போனாள். பஞ்சாட்சரம் தடுக்கவில்லை. கொடி படர்ந்தால் வேலியின் சந்துபொந்தெல்லாம் மறையும், வழி இன்னும் குழப்பமாகும், நல்லதுதான் என்று தண்ணீரும் ஊற்றினான். வருகிறவர்களிடம் அது தன்னுடைய திட்டம் என்றும் அளந்தான்.

மழை நன்றாகப் பெய்தது. அந்த நிலத்தில் அவன் கை வைத்த எதுவும் அவரைபோல் வளர்ந்ததில்லை. கார்த்திகை பிறந்தபோது வேலி முழுக்கப் பச்சை, பச்சை முழுக்க ஊதாப் பூ. கடைசி வாசலில் கொடி வேலியை விட்டுத் தாவி, படலைச் சுற்றி, கழியைச் சுற்றி, கல்லையும் சுற்றிக்கொண்டு பூத்திருந்தது. பஞ்சாட்சரம் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தான். ஆனால் பூ வைத்த கொடியைப் பிரித்தால் பூ கொட்டிவிடும், அந்தக் கொடி அப்புறம் காய்க்காது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். கை வரவில்லை. தை பிறந்து காய் பறித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அதற்குள் அரையாண்டு லீவு வந்துவிடும் என்பது அந்த அருமையான மூளைக்கு எட்டவில்லை.

லீவு வந்தது. மஜீத் பாயும் வந்தார். கூடவே மனைவி ஜோஹரா, கல்லூரியில் படிக்கும் மகள் அஃப்ரா. அருவிக்குக் குளிக்க வந்தவர்களை வழியிலேயே மடக்கிக் கூட்டிவந்துவிட்டான் பஞ்சாட்சரம். இன்று இவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் பத்துப் பேரிடம் சொல்வார்கள், ஆள் வரும், இவன் மலையில் இருக்கலாம். இல்லையென்றால் மண்டிக் காவல்தான். தீர்ப்புச் சொல்லப்போகும் மனிதரே முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். ஆர்வக்கோளாறில் பஞ்சாட்சரமும் பின்னாலேயே நுழைந்தான். படல் சாத்திக்கொண்டது. கழி விழுந்தது. வெளியே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் அவனுக்கு வந்தது.

முதல் வாசலில் ஒரு தராசும், பல நிறத் துணியில் கட்டிய சாமை மூட்டைகளும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், ஒன்று மட்டும் கனம். இரண்டே தரம் நிறுத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அஃப்ரா மூட்டைகளை மூன்று குவியலாகப் பிரித்து, நிறுத்து, சிவப்பு மூட்டைதான் கனம் என்று கண்டு சிவப்புக் கயிற்றை இழுத்தாள். படல் திறந்தது. "சூப்பர் அங்கிள்!" என்றாள். பஞ்சாட்சரத்துக்கு வாயெல்லாம் பல்.

இரண்டாம் வாசலில் ஆடுபுலி ஆட்டம். பலகைக் கல்லில் கட்டம் கீறி, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்திருந்தான். ஒரே நகர்த்தலில் புலியை அடைக்க வேண்டும். அஃப்ரா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இது ஈசிம்மா, நான் காட்டறேன்" என்று பஞ்சாட்சரம் முந்திக்கொண்டு ஒரு கயிற்றை இழுத்தான். தன் புதிருக்கான விடையை அவனே மறந்திருந்தான். பானை கவிழ்ந்தது. சரியாக மஜீத் பாயின் வெள்ளைச் சட்டையின் மேல் உமி.

"பஞ்சாட்சரம்" என்றார் மஜீத் பாய், தாடியிலிருந்து உமியைத் தட்டிக்கொண்டு. "மண்டியில கதவுன்னா தொறந்தா தொறக்கும், சாத்துனா சாத்தும்பா."

அஃப்ரா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரியான கயிற்றை இழுத்தாள். அடுத்த திருப்பத்தில் இலை போட்டு மூடிய பள்ளம் இருந்தது. வைக்கோல் நிரப்பிய பள்ளம்தான், அடிபடாது. "பார்த்து வாங்க பாய், பள்ளம்" என்று எச்சரிக்கப் பின்னால் திரும்பியபடியே நடந்த பஞ்சாட்சரம் அதில் இடுப்புவரை இறங்கினான். ஜோஹராதான் கை கொடுத்துத் தூக்கினார்.

மூன்றாம் வாசலுக்கு முன்னால் ஈரமண்ணில் மூன்று பேரின் காலடித் தடங்கள். மூவரில் ஒருவர் பின்பக்கமாக நடந்தவர், யார் என்று சொல்ல வேண்டும். அஃப்ரா குனிந்து பார்த்து, முன்பாதம் அழுந்தி மண்ணை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்த தடத்தைக் காட்டினாள். அந்தத் தடத்துக்கு நேரான கயிற்றை இழுத்தாள். சரியான விடை. கழி அசைந்தது. படல் அசையவில்லை.

மறுபடி இழுத்தாள். மஜீத் பாய் இழுத்தார். பஞ்சாட்சரம் தொங்கினான். கயிறு அறுந்து கையோடு வந்தது.

திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் பட்டிக் கதவு, கழி அந்தப் பக்கம். ஏறிக் குதிக்கலாம் என்றால் முள். கைப்பேசியில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. தப்பிக்க முடியாதபடி கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைப் பழுதில்லாமல் செய்திருந்தான். ஜோஹரா தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார்.

"இடுப்புல கத்தி வெச்சிக்கிறியே, கொடிய வெட்டுப்பா" என்றார் மஜீத் பாய்.

பஞ்சாட்சரம் கத்தியை எடுத்தான். கொடியைப் பிடித்தான். பூ அவன் புறங்கையில் உரசியது. இந்த வீட்டில் நிச்சயமாகக் காய்க்கப் போவது இது ஒன்றுதான், அதுவும் அவள் கையால் ஊன்றியது. கத்தியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினான்.

"ஏமே! கலைவாணி!"

ஆடு ஓட்டிக்கொண்டு போனவள் கேட்டு வர வெகுநேரம் ஆயிற்று. படலின் மறுபக்கம் வந்து நின்று இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கிற?"

"கொடி சுத்திக்கிச்சி. மெதுவா பிரிச்சிப் பாரு. பூ கொட்டாம பாரு."

அவள் பிரித்துப் பார்த்தாள். கொடி இறுகிப்போயிருந்தது. பிறகு, தணிந்த குரலில் சொன்னாள்: "உன் வேலி தேறாதுன்னுதான்யா வெத போட்டேன். இதுவும் போச்சின்னா அவரக்காயாவது மிஞ்சட்டும்னு."

பஞ்சாட்சரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஊர் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். இதற்குச் சிரிக்க வரவில்லை. அவளும் நம்பவில்லை. நியாயம்தான், தேனீயே நம்பவில்லை. ஆனாலும் வலித்தது.

"அம்மி, செமயா இருந்திச்சில்ல?" என்று அஃப்ரா தன் தாய் ஜோஹராவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலேஜ் ஃபிரெண்ட்ஸ எல்லாம் கூட்டிட்டு வரணும். இந்தக் கதவு மட்டும் தொறந்தா போதும்."

அது படலுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். சரக் என்று ஒரு சத்தம். அரிவாள் சத்தம். மறுபடி ஒன்று. கலைவாணி அடிக்கொடியிலேயே வைத்து வெட்டினாள். ஒரு கொடியில்லை, வாசலுக்கு இரண்டு பக்கமும் வளைத்து வெட்டி இழுத்துப் போட்டாள். ஊதாப் பூ அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது. படல் திறந்துகொண்டது. பஞ்சாட்சரம் வெளியே வரவில்லை. அறுந்து கிடந்த கொடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மஜீத் பாய் வெளியே வந்து நல்ல காற்றாக இழுத்து விட்டார். அவருக்கு அன்றைய தீர்ப்பில் சந்தேகமே இல்லை. "போதும்பா பஞ்சாட்சரம். திங்கக்கெழம துணிமணி எடுத்துக்கினு மண்டிக்கு வந்துடு."

பஞ்சாட்சரம் குனிந்து அறுந்த கொடியைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"அவரு வரலீங்க பாய்" என்றாள் கலைவாணி. தலையில் விழுந்த பூவைக்கூடத் தட்டிவிடவில்லை. "தான் கட்டுன வேலிக்குள்ளயே வழி தெரியாம மாட்டிக்கின ஆளுங்க. வாணியம்பாடி வந்தாருன்னா திரும்ப வூட்டுக்கு எப்டி வருவாரு? எனக்கு இவரு இங்கியே இருக்கணும்."

அஃப்ரா கொல்லென்று சிரித்தாள். மஜீத் பாயும் சிரித்துவிட்டார். பஞ்சாட்சரத்துக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. கண்ணில் உமி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, வேலிப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.