மடிக்கக் கூடாத டிப்ளமா

காலை ஆறரைக்குச் செஞ்சியில் பஸ் ஏறினேன். புதுச்சேரிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். மடியில் என் நர்சிங் டிப்ளமா. பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. டிப்ளமாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அசலின் பின்பக்கம் அரசு முத்திரை வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அன்று வியாழன்.

ஒன்பதே கால். பஸ் நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ நூற்றைம்பது. "மீட்டர் இல்லையாண்ணே?" என்றேன். "இருக்குதும்மா, ஓடாது" என்றார். நல்ல அலங்காரம்தான். பேரம் பேச நேரமில்லை, ஏறினேன்.

மொழிபெயர்ப்பாளர் செலின் மதாம் டிப்ளமாவைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார். "லேமினேட் பண்ணிட்டீங்களா? பிளாஸ்டிக் மேல முத்திர குத்த மாட்டாங்களே."

அப்பா செய்த வேலை. எங்கள் ஊரில் பிள்ளை பாஸானால் முதலில் ஓடுவது லேமினேஷன் கடைக்குத்தான். கறையான் அரிக்கக் கூடாதாம், மழையில் நனையக் கூடாதாம்.

மதாம் காபி கொடுத்தார். டிப்ளமா கிரேக்கச் சொல்லாம். "ரெண்டா மடிச்சதுன்னு அர்த்தம். ரோமாபுரி அரசாங்க ஆளுங்க அப்படி மடிச்ச கடுதாசியக் காட்டினா வழியில குதிர குடுப்பாங்க. அப்புறம் ராஜா முத்திர வச்சதெல்லாம் டிப்ளமா ஆச்சு. தூதருக்கு 'திப்ளொமாத்'னு பேரு வந்ததும் அதுலதான். படிச்சவங்களுக்குக் குடுக்குறதுக்கும் அந்தப் பேரையே வச்சிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோமாபுரிக்காரனுக்குக் குதிரை கொடுத்தார்கள். எனக்கு ஒரு முத்திரை குத்த இடமில்லை.

பதினொன்று. அதே தெரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனைப் பிரித்துத் தரக் கேட்டேன். கடைக்காரர் காதர் பாய் டிப்ளமாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம்மா. பிரிச்சா எழுத்தும் கூட வந்துடும். டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடுங்க."

அது வர மூன்று மாதம் ஆகும். வேலை காத்திருக்குமா? "என் தலையெழுத்து, பிரிங்க பாய்" என்றேன். முடியவே முடியாது என்றார். மேஜையிலிருந்த பிளேடை எடுத்து நானே ஓரத்தைக் கீறினேன்.

பாதிவரை நன்றாகத்தான் வந்தது. பிறகு என் பெயரும் கல்லூரி முத்திரையும் பிளாஸ்டிக்கோடு உரிந்துகொண்டு வந்துவிட்டன. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றரைக்குத் திரும்பும் பஸ். மிச்சமிருந்த காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் செருகினேன். திண்டிவனம் தாண்டும்போது அப்பாவின் போன் வந்தது. திட்டித் தீர்க்கத்தான் எடுத்தேன்.

"சாப்டியாம்மா? பஸ்ஸுல கூட்டமா இருக்கும். டிப்ளமாவ மடிச்சிகிடிச்சி வச்சிராத. பத்திரமா இருக்குதுல்ல?"

"பத்திரமா இருக்குதுப்பா" என்றேன்.