சாவியை எடுத்த பிறகும் ஓடிய கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் நடந்தது இது. இப்போதும் அந்த வழியாக பஸ்ஸில் போனால்கூட என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

எங்கள் வீடு திருச்சி மேலப்புதூரில். எனக்கு வேலை துவாக்குடியில், ஒரு சின்னத் தொழிற்சாலை ஆபீசில். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பி, முட்டிவலி வந்ததுதான் மிச்சம். பழைய கார் ஒன்று வாங்கிவிடுவது என்று ஒருநாள் முடிவுகட்டினேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். சைக்கிளையே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிற ஆள். அவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்று நான் கேலி செய்யாத நாளே கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் டீசல் கார் ஒன்று சும்மா நிற்கிறது என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். மகன் ஆசை ஆசையாக வாங்கியதாம். அவன் வெளிநாடு போய்விட்டதால் விற்கிறார்களாம். போய்ப் பார்த்தோம். பார்க்கத்தான் சின்னக் கார், உள்ளே இருந்ததோ முரட்டு இன்ஜின். டர்போ வேறு. டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை வலுவாகத் தள்ளிவிடுகிற ஒரு விசிறி, அவ்வளவுதான். அந்த விசிறி சுழல ஆரம்பித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். ஓட்டிப் பார்க்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து உந்தித் தள்ளியது போல் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாங்கினால் இதைத்தான் வாங்குவது என்று அப்போதே மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

கணவர் விடவில்லை. ஒரு வாரம் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று சாதக பாதகம் பேசினார். மைலேஜ் நன்றாகக் கிடைக்கும், தஞ்சாவூர் ரோட்டில் லாரியைத் தாண்டத் திணற வேண்டாம், புதுக் காரைவிட விலை குறைவு. இதெல்லாம் அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் பாதகம் ஆரம்பிக்கும். பழைய டீசல் வண்டியில் ஏதாவது போனால் செலவு இடுப்பை ஒடித்துவிடும். வேகமாக ஓடுகிற வண்டி என்றால் முன்னால் வைத்திருந்தவன் எப்படி விரட்டியிருப்பானோ தெரியாது. எங்கள் தெரு வேகத்தடையில் அடி தட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆயில் மட்டும் கொறைஞ்சுதுன்னு வையி, டர்போ அவ்வளவுதான். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்பார். தினமும் அதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

விலை பேசி முடிக்கும்போது ஆடி பிறந்துவிட்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பெரியவருக்குத்தான் மனசு வரவில்லை.

"ஆடியில வண்டிய கை மாத்தப்படாதும்மா. ஆவணி பொறக்கட்டும், மகாலக்ஷ்மியாட்டம் வந்து எடுத்துண்டு போங்கோ. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார். கழுத்தில் சிலுவை தொங்க நானும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆவணியில் கார் வீட்டுக்கு வந்தது. சில நாள் ஆபீசுக்கு ஓட்டினேன். ஊருக்குள்ளும் நெரிசலிலும் மெதுவாகத்தான் போக முடிந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொரு சாவி பெரியவரிடமே தங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும், அவருக்கு ஒரு போன்கூடப் போடாமல், சாவியை வாங்கி வருவோம் என்று கிளம்பினோம். கணவர் முன் சீட்டில். எட்டு வயது மகள் பின்னால்.

நேராகப் போயிருக்கலாம். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. "சுத்திப் போவோங்க, ரோடு காலியா இருக்கும்" என்று பைபாஸில் ஏறினேன். நிஜமாகவே காலிதான். மிதித்தேன். காவிரி ஒரு பக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மகள் கைதட்டிச் சிரித்தாள். கணவர் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, "போதும்மா, போதும்மா" என்றார். திருவானைக்காவல் பக்கம் இறங்கும்போது ஒன்று கவனித்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துக்கொண்டே போனது. மிதி மேட் சிக்கியிருக்கும் என்று நினைத்துக் காலால் ஒதுக்கிவிட்டேன்.

அம்மா மண்டபம் சாலைக்குள் நுழைந்த பிறகுதான் அன்றைக்கு அமாவாசை என்பதே உறைத்தது. எங்கள் வீட்டுக் காலண்டரில் யார் அதைப் பார்த்தார்கள்? சாலை முழுக்க ஜனம். ஆற்றுக்குப் போகிறவர்கள், ஈர வேட்டியோடு திரும்புகிறவர்கள், கீரைக்கட்டும் வாழைக்காயும் விற்கிறவர்கள். எனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. பின்னால் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டன. இடது பக்கம் ஒரு தள்ளுவண்டியில் அடுப்பு எரிய, எண்ணெய்ச் சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கைப் போட்டேன்.

அப்போதுதான் இன்ஜின் அலற ஆரம்பித்தது.

என் கால் எதிலும் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. ஸ்டியரிங் அதிர்ந்தது, சீட் அதிர்ந்தது, பல்லே அதிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஆட்டோவே தெரியவில்லை, வெள்ளைப் புகை. சட்டென்று சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. சாவியை உருவிக் கையிலேயே எடுத்துவிட்டேன். மீட்டர் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இன்ஜின் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறது!

சாவி என் கையில் இருக்கிறது, வண்டி ஓடுகிறது. அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? மாதாவே, மாதாவே என்று வாய் முனகியதே தவிர, கை கால் எதுவும் என் வசத்தில் இல்லை.

"வண்டி பத்திக்கப் போவுது! எறங்கும்மா, எறங்கு!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

கணவர் கதவைத் திறந்து பாய்ந்தார். பின்கதவைத் திறந்து மகளை அள்ளிக்கொண்டு, புகைக்குள் ஓடி மறைந்தார். நானும் இறங்கப் போனேன். ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டேன். அப்போது முன்கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பஸ்ஸுக்கும் என் காருக்கும் நடுவில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் ஓடுகிறார்கள், அவர் மட்டும் அசையவில்லை. வாய் திறந்திருந்தது. பயத்தில் உறைந்துபோய்விட்டார். வெடித்தால் முதலில் அவருக்குத்தான், அந்தக் குழந்தைக்குத்தான். வடைச் சட்டியின் அடியில் அடுப்பு வேறு எரிந்துகொண்டிருந்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டுவிட்டு ஓடினால் அந்த முகம் என்னை விடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

என்ன செய்வது? கார் பழகிய காலத்தில் கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டு, நட்ட நடுரோட்டில் இன்ஜினை அணைத்து, பின்னால் வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறேன். அதையே இப்போது வேண்டுமென்றே செய்தால்? கிளச்சை மிதித்து ஐந்தாவது கியரைப் போட்டேன். வலது காலால் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். இனி கிளச்சை விட வேண்டியதுதான். விட்டால் இன்ஜின் திணறி அணையலாம். அணையாவிட்டால் வண்டி பாயும். முன்னால் அந்தப் பெண் நிற்கிறார்.

போ, போ என்று கையை ஆட்டினேன். ஹாரன் அடித்தேன், அதுவும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கிளச்சை அழுத்தியிருந்த இடது கால் நடுங்க ஆரம்பித்தது. முட்டிவலிக்காரி நான். கால் தானாக நழுவிவிட்டால் என்ன ஆகும்?

புகைக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். மகளை யாரிடம் விட்டாரோ, கையில் குழந்தை இல்லை. என் கணவர்! வந்து நேராக என் பானெட்டுக்கு முன்னால் நின்றார். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தப் பெண் நகரவில்லை.

நான் கத்தினேன். "தள்ளுங்க! ஏங்க, தள்ளிப் போங்க! கால் நழுவுது!"

அவருக்குக் கேட்கவில்லை. முதுகு என் பக்கம் இருந்தது. பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, நான் காலையில் தேய்த்துக் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரே ஒரு நொடி என்று காலிடம் கெஞ்சினேன். என் கையாலேயே, இல்லை, என் காலாலேயே அவரைக் கொன்றுவிடப் போகிறேன் என்று அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

கடைசியில் அவர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். பிள்ளையை எடுத்ததும் அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்துவிட்டது. பிள்ளை பின்னாலேயே பாய்ந்தார். இரண்டு பேரும் தள்ளுவண்டிப் பக்கம் போய் விழுந்தார்கள். முன்னால் பஸ் வரைக்கும் வெறும் தார் ரோடு தெரிந்தது.

கிளச்சை விட்டேன்.

வண்டி எகிறிக் குதித்தது. ஒரு உதறு, ஒரு குலுக்கல். பிறகு நின்றுவிட்டது. சத்தமும் நின்றுவிட்டது. ஊரே செவிடாகிப்போனது போல் இருந்தது. யாரோ என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பூக்கார அம்மா ஒருவர் என் மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் முழங்கை சிராய்த்து ரத்தம் வழிய வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. தேடினோம். என் காரின் முன் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆயில யாருங்க ஊத்துனது?" என்று கேட்டார். கணவர் மெல்லக் கையைத் தூக்கினார். குறைந்தால் ஆபத்து என்ற பயத்தில், முந்தின நாள் அவரே ஒரு டப்பா வாங்கி ஊற்றியிருக்கிறார். எங்கள் தெருச் சரிவில் வண்டி சாய்ந்து நின்றதில் அளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது. பெரியவருக்கு போன் செய்தால், அவரும் ஆடி மாதத்தில் ஊற்றி வைத்தாராம். பிறத்தியார் கைக்குப் போகிற வண்டி குறையோடு போகப்படாது என்று. பைபாஸில் நான் விரட்டிய விரட்டலில் மிதமிஞ்சிய அந்த ஆயில் காற்றுக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய், டீசலுக்குப் பதிலாக அதுவே எரிய ஆரம்பித்திருக்கிறது. சாவி நிறுத்துவது டீசலைத்தான். ஆயிலை அது என்ன செய்யும்?

மறுநாளே பெரியவர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "கொழந்தை நன்னா இருக்காளா? நல்லதுன்னு நெனச்சு பண்ணினேன்மா" என்று கண் கலங்கினார். யாரை யார் கோபித்துக்கொள்வது? என் கணவர்தான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தார்கள்.

டர்போவை மாற்றி, அந்தக் காரை இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். மகள் அதில் ஏறப் பல மாதம் ஆனது. பழைய டீசல் வண்டி வாங்கலாமா என்று ஆபீசில் சிலர் வீட்டுக்கே வந்து யோசனை கேட்கிறார்கள். மைலேஜையும் இழுவையையும் சொல்கிறேன், செலவையும் ஆயில் அளவையும் சொல்கிறேன். ஆனால் இன்ஜின் அலறிய கதைக்கு வரும்போது வாய் தானாக நின்றுவிடுகிறது. பக்கத்து அறையில் அவர் பரீட்சைப் பேப்பர் புரட்டுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மீதியைச் சொல்ல முடிகிறது.