ஷரபுன்னிசா அக்காவின் வளையல்

தில்லை நகர்ல கண்ணாடிக் கதவு போட்ட கடை எத்தனை இருக்கு! அத்தனையும் தாண்டி, பெரிய கடைவீதிச் சந்துல இருக்குற எங்க இயர்போன் கடைக்கு ஜனங்க வருதுன்னா, ஓனர் நவ்ஷாத் பாய் காதை நம்பித்தான்.

அவர் வைக்கிற பரீட்சை ஒண்ணே ஒண்ணு. வீட்டம்மா ஷரபுன்னிசா அக்கா ஆறு வருஷத்துக்கு முன்னாடி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "புதினா, இஞ்சி, அரைக்கிலோ எலும்பு..." பேச்சுக்குப் பின்னாடி கண்ணாடி வளையல் லேசா குலுங்கும். ஒரு இயர்போன்ல அந்தச் சத்தம் தனியா கேட்டா அதுக்கு விலை நானூறு. கேக்கலைன்னா நூத்தைம்பதுக்கு மேல ஒத்த ரூபா வாங்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் 'நானூறு'ன்னு சொன்ன புதுப் பெட்டியிலேருந்து வாங்கினதை இந்த வாரம் மூணாவது ஆளும் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. எடமலைப்பட்டி புதூர் வளவன்.

"போர்வைக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்கு பாய்."

"என் காதுக்குத் தப்பாதுங்க. உங்க போன்லதான் கோளாறு!"

"காசைக் குடுங்க. இல்லைன்னா ஊர் பூரா சொல்லுவேன்."

வாசல்ல கூட்டம் கூடிருச்சு. நேத்தே அந்தப் பெட்டியில ரெண்டு மூணை எடுத்து, அக்காவோட அந்த மெசேஜைப் போட்டு நான் கேட்டுட்டேன். எதுலயும் வளையல் சத்தமே இல்லை. பாய்கிட்ட சொன்னா நம்பவா போறார், பிடிவாதக்காரர்! அதனால அக்காவுக்குப் போன் பண்ணி, அதே லிஸ்ட்டை வளையலைக் கழட்டி வச்சுட்டுப் பேசி அனுப்பச் சொல்லியிருந்தேன். "என்னடி பெலிண்டா, கூத்து?"ன்னாங்க. அனுப்பிட்டாங்க.

இப்ப என் போன்ல அதைப் போட்டு, கடையிலேயே ஒசத்தியான இயர்போனை மாட்டி நீட்டினேன். "இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க பாய்."

கண்ணை மூடிக் கேட்டார். "இந்தா... வளையல் கணீர்னு கேக்குதே!"

கூட்டத்துக்குக் கேக்காம கிட்டப் போய்ச் சொன்னேன். "இது நேத்துப் பேசினது பாய். அக்கா வளையலே போடலை."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார்னு நின்னேன், திட்டலை. கல்லாவைத் திறந்து வளவன் காசைத் திருப்பிக் குடுத்தார். "தப்பு என்மேலதாங்க."

கூட்டம் கலைஞ்சதும் மறுபடி இயர்போனைக் காதுல வச்சார். ரொம்ப நேரம் கேட்டார்.

"பெலிண்டா, இவ குரல் எனக்கு நிஜமாவே கேக்குதாம்மா? இல்ல, அதையும் நானாத்தான் நெனச்சுக்கிறேனா?"