ஒரு முழ மண்ணில் நின்ற காடு

1929 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்கு மலாயாவின் குளுவாங் ஊரிலிருந்து புறப்பட்டோம். தோட்டத்து லோரியில் நானும் டிரைவர் கருப்பையாவும் மட்டும். ரயிலடிக் கடையில் ஆளுக்கொரு காப்பி, இரண்டிரண்டு காசு. மெர்சிங் சாலையில் ஒன்பது மைல், பிறகு இடப்புறம் செம்மண் தடத்தில் மூன்று மைல். போக வேண்டிய இடம் ஒரு சிறு காப்புக்காடு. முந்நூறு ஏக்கர்கூட இராது, நீண்டு ஒடுங்கியது. அதை வெட்டக் கூடாதென்று அரசாங்கம் எல்லை கட்டி வைத்திருந்தது.

நான் அப்போது ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அந்தக் காட்டில் ஐம்பது ஏக்கரைத் தோட்டத்துக்குக் கேட்டு மனுப் போடத் துரை நினைத்திருந்தார். மண்ணைப் பார்த்து எழுதி வரும்படி என்னை அனுப்பினார். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முந்தைய வருடம் காட்டை ஒட்டிய சரிவை வெட்டி எரித்து ரப்பர் நட்டபோதும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்: இவ்வளவு பெரிய மரங்களைத் தாங்கும் மண் மிக வளமானது என்று. நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஆள் ஆழம் தோண்டினாலும் வண்டல் வரும் ஊரில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வனக் காவலர் சவரிமுத்து காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் பாராங் கத்தி. கருப்பையா லோரியைக் காட்டின் ஓரத்தில் ஒரு பெரிய மெராந்தி மரத்தின் நிழலில் நிறுத்தினார்.

“அங்க போடாதீங்கண்ணே. வெட்டவெளியில போடுங்க,” என்றார் சவரிமுத்து.

“வெயில்ல போட்டா சீட்டு அடுப்பா கொதிக்கும், தம்பி. காத்தே இல்ல, என்ன ஆவப் போவுது?” கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு லோரிக்குள்ளேயே கால் நீட்டிவிட்டார்.

உள்ளே இருட்டு, குளிர்ச்சி. நாலு பேர் கை கோத்தாலும் சுற்ற முடியாத மரங்கள். காலடியில் இலை மெத்தை போல அமுங்கியது. இரண்டு மணி நேரம் நடந்தோம். நின்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

“என்ன எழுதுறீங்க, ஐயா?”

“நல்ல மண்ணுன்னு.”

“தோண்டிப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன்.

பதினொரு மணி வாக்கில் ஓரத்துக்குத் திரும்பியபோது, புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் தரையிலிருந்து வந்தது. நான் என்னவென்று பார்ப்பதற்குள் சவரிமுத்து ஓடிக்கொண்டிருந்தார். லோரிக் கதவைத் திறந்து, தூங்கிக் கிடந்த கருப்பையாவின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். கருப்பையாவின் தலை படியில் மோதியது. அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். மெராந்தி சாய்ந்தது. இலையசையும் காற்றுகூட இல்லை. ஓட வேண்டுமென்று தெரிந்தும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புழுதி அடங்கியபோது லோரி தகடாகக் கிடந்தது. கருப்பையா தரையில் உட்கார்ந்து, “என் செருப்பு எங்க? உள்ள கெடக்கு, எடுத்துக் குடுங்க,” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நெற்றியில் ரத்தம் வழிவது அவருக்குத் தெரியவில்லை.

நான் மரத்தின் அடிக்குப் போனேன். வேர்கள் இரண்டாள் உயரச் சுவராக நிமிர்ந்து நின்றன. அந்தச் சுவரின் கனம் ஒரு முழம்தான். ஆணிவேர் என்று எதுவுமில்லை. பெரிய குழியை எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. மேலே நாலு விரல் கறுப்பு மண், அதற்குக் கீழே துருப்பிடித்த கற்கள் கலந்த மஞ்சள் களி. சவரிமுத்துவின் கத்தியை வாங்கிக் கீறினேன். சுட்ட செங்கல்லைப் போல இருந்தது. ஒரு புழுகூட இல்லை.

“ஆயிரமாயிரம் வருசமா மழை கழுவுன மண்ணு, ஐயா,” என்றார் சவரிமுத்து. அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “கீழ சத்தே கெடையாது. விழுற எலை மக்குது பாருங்க, அதைத்தான் தின்னுதுங்க. வேரு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுதான் நிக்குதுங்க. பக்கத்துல இருந்ததையெல்லாம் போன வருசம் வெட்டிட்டாங்க. இனி இதுங்களுக்குப் பிடிமானம் ஏது?”

திரும்பிச் சரிவைப் பார்த்தேன். மேல்மண்ணை மழை கொண்டுபோயிருந்தது. ரப்பர்க் கன்றுகள் மஞ்சளாகிக் குச்சி குச்சியாக நின்றன. நான் எழுதிக் கொடுத்த வளமான மண் அதுதான்.

கருப்பையாவை நடுவில் தாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தோம். சாலையில் ஒரு சீனரின் காய்கறி லோரி ஏற்றிக்கொண்டது. நாலு மணிக்குக் குளுவாங். அன்றிரவே பார்த்ததை எழுதினேன். போன வருடம் நான் எழுதியது தவறு என்றும் எழுதினேன். துரை படித்துவிட்டு, லோரியை ஏன் மரத்தடியில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். மனுவை நிறுத்தவில்லை. அதையும் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

மறு வருடம் ரப்பர் விலை விழுந்தது. மனு மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. காட்டைக் காப்பாற்றியது என் எழுத்தல்ல. லயத்தில் குடியிருந்த கூலியாட்களில் பாதிப் பேரை வேலையில்லை என்று நாகப்பட்டினம் கப்பலுக்கு அனுப்பினார்கள். கருப்பையாவும் அதில் போனார்.

1931இல் நானாகவே ஒருமுறை போய்ப் பார்த்தேன். சரிவைக் கைவிட்டிருந்தார்கள். இடுப்பளவு லாலாங் புல் மண்டியிருந்தது. சவரிமுத்து ஓரமாக அழைத்துப் போய், புதிதாக விழுந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“நீங்க வந்துட்டுப் போனப்புறம் பதினாலு மரம், ஐயா. யாரும் கை வைக்கல.”

“இப்படி விழுறது எதுவரைக்கும் போகும்?” என்று கேட்டேன்.

அவர் காட்டுக்குள் பார்த்தார். மறுபக்கத்து வெளிச்சம் மரங்களின் ஊடே தெரிந்தது.

“தெரியல. காடு சின்னதுதானே,” என்றார்.