தம்பிக்காக மண்டியிட்டவள்

எங்கள் சபையில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் போதகர் தவறாமல் வலேலியா பெரியம்மாவின் பெயரை இழுப்பார். எல்லாத் தலைகளும் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பும். பெரியம்மா விசிறியை வேகவேகமாக வீசிக்கொண்டு, வெளியே யார் வீட்டுப் பன்றி போகிறது என்று பார்ப்பதுபோல் ஜன்னலையே பார்ப்பாள். அதை அடக்கம் என்று ஊர் நினைத்தது. அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு அது வேதனை என்று தெரியும்.

நான் அவளுடைய தம்பி மகனைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவின் ஃபலேஉலி கிராமத்துக்கு வந்தவள். பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலயத்தைக் கூட்டுவது, பூ வைப்பது, பாடகர் குழுவை மிரட்டுவது எல்லாம் அவள்தான். புனிதவதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். பிடித்துவிட்டால், "கண்ணு சரியாத் தெரியலடி" என்பாள். பாடகர் குழுவில் பாடாமல் வாயை மட்டும் அசைப்பவர்களை அதே கண் கடைசி வரிசையில்கூடக் கண்டுபிடித்துவிடும்.

அவளுடைய தம்பி பெலெனாதோ என்பவர்தான் என் மாமனார். எங்கள் குடும்பத் தலைவர், சபை மூப்பரும்கூட. எங்கள் ஊரில் மாலைச் சங்கு ஊதினால் ஜெப நேரம். அப்போது ரோட்டில் ஒரு ஆள் நடமாடக் கூடாது, மீறினால் அபராதம். அபராதம் போடுவதில் மாமனாருக்கு அலாதிப் பிரியம். குளித்துவிட்டு வர நேரமாகி, தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்த சொந்த மச்சானுக்கே ஒரு பன்றி அபராதம் போட்டவர் அவர். மச்சான் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமனார் துறைமுகச் சந்தைக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினார். சங்கு ஊதுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று பிக்கப்பை விரட்டியிருக்கிறார். பக்கத்து ஊரான சாமோலியின் வளைவில், கடைக்கு ரொட்டி வாங்க அனுப்பப்பட்ட லூபே என்ற சிறுமி ரோட்டைக் கடந்தாள். வண்டி அவளை இடித்தது. அவர் நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தார். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்ததும் பயந்துபோய் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவர் எங்கள் முற்றத்தில் நுழையவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. எதுவும் சொல்லாமல் வந்து பாயில் உட்கார்ந்து பாட்டை ஆரம்பித்தார், ஜெபத்தையும் நடத்தினார். குரல் நடுங்கியது. அவசரமாக வந்ததால்தான் என்று நினைத்தோம். ஆமென் சொன்ன பிறகு, மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சாமோலியில ஒரு பிள்ளைய இடிச்சிட்டேன்."

"எறங்கிப் பாத்தியா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"இல்லக்கா."

"சங்குக்கு நேரமாச்சுன்னா?"

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பிள்ளை இறந்துவிட்டது. தாய் பெயர் செலைமா, அவளுக்கு இருந்தது அந்த ஒரே மகள். சாமோலிப் பையன்கள் கத்தியும் தீப்பந்தமுமாகக் கூடியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இஃபோங்கா என்பது அதன் பெயர். விடிவதற்குள் குற்றம் செய்த குடும்பத்தின் தலைவர் போய், செத்தவர் வீட்டு முன்னால் மண்டியிட்டு, குடும்பத்தின் மிக மதிப்புள்ள பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். அவர்கள் இஷ்டப்பட்டால் வந்து பாயைத் தூக்குவார்கள், அது மன்னிப்பு. இஷ்டமில்லாவிட்டால் கல்லெறியலாம், வெட்டலாம். பாய்க்குள் இருப்பவர் அசையக் கூடாது.

மாமனார் போகிறேன் என்றுதான் சொன்னார். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலாம். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், என் நெற்றியைவிடச் சூடாக இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய மனிதர்.

"எந்திரி தம்பி."

"காலு வரமாட்டேங்குதுக்கா."

பெரியம்மா எழுந்து, பெட்டியிலிருந்து பாயை எடுத்தாள். என் கணவர் குறுக்கே வந்து நின்றார்.

"அத்தை, பொம்பளை போற எடமா அது? குடுங்க, நான் போறேன்."

"உன்னப் பாத்தா வெட்டிருவாங்க. என்னை வெட்டறதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க. அந்த யோசனை போதும் நமக்கு."

"அப்பா செஞ்சதுக்கு நீங்க ஏன்?"

"நமக்குப் பதிலா ஒருத்தர் சிலுவைக்குப் போனதாலதான் வாராவாரம் உக்காந்து பாட்டுப் பாடறோம். விலகுடா."

நானும் எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். செலைமா வீட்டு முன்னால் பெரியம்மா சரளைக் கல்லில் மண்டியிட்டு, பாயை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்தோம். எங்களுக்குப் பாய்கூட இல்லை.

விடிந்தது. வெயில் ஏறியது. அவர்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, உள்ளே வெள்ளைத் துணி மூடிய சின்ன உடம்பு எங்களுக்குத் தெரிந்தது. ஒரு கல் வந்து பாயில் விழுந்தது. இன்னொன்று பெரியம்மாவின் முதுகில் பட்ட சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. பிள்ளையின் தகப்பன் கத்தியோடு வந்து, பாயைச் சுற்றி நடந்து, அழுதுகொண்டே திரும்பிப் போனான்.

கடைசியில் செலைமா வந்தாள். பாயின் ஓரத்தைத் தூக்கியவள் திகைத்துப்போய் நின்றாள்.

"நீங்களா? எங்க அவரு?"

"காய்ச்சல். படுத்திருக்கான்," என்றாள் பெரியம்மா.

"என் மகளுந்தான் படுத்திருக்கா."

பெரியம்மா நெற்றியைக் கல்லில் வைத்தாள். செலைமா பாயை முழுவதும் தூக்கி எடுத்தாள். "கர்த்தர் பாத்துட்டிருக்காரு. வெயில்ல இருக்காதீங்க, எந்திரிங்கக்கா," என்றாள். பெரியம்மாவின் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்த வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பெரியம்மாவுக்கு வந்த பேரைச் சொல்லி முடியாது. மற்ற ஊர்ச் சபைகளிலிருந்துகூட அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பட்ட பாட்டுக்குக் கிடைக்கட்டுமே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பாய் தூக்கப்பட்டதைச் சொல்லி, போலீஸ் கொண்டுபோன மாமனாரைக் கோர்ட்டிலும் கொஞ்ச காலத்தில் வெளியே விட்டார்கள். திரும்பி வந்தவர் வண்டியைத் தொடவில்லை. சங்கு ஊதிய பிறகு யார் ரோட்டில் போனாலும் கண்டுகொள்ளவில்லை. சாமோலியைத் தாண்டிப் போகவேண்டிய எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஊர்க்கூட்டத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை பேசுவார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த அதன் இலையும் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமனார் ஆலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"அக்கா, நான் சாமோலிக்குப் போயிட்டு வர்றேன்."

"எதுக்கு?"

"அவங்ககிட்ட நான் நேர்ல சொல்லல. எறங்கிப் பாக்காம வந்தேனே, அதைச் சொல்லணும்."

பெரியம்மா கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள். "அது முடிஞ்சு போன விஷயம் தம்பி. பாயத் தூக்கியாச்சு, மன்னிச்சாச்சு. ஆறின புண்ண ஏன் கிளறணும்? உக்காந்து சாப்பிடு."

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். நல்ல வார்த்தைதானே சொன்னாள் என்றுதான் எனக்கும் பட்டது. அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதன்பின் அவர் மெலிந்துகொண்டே வந்ததைப் பார்க்கப் பார்க்கத்தான் பெரியம்மாவின் முகம் மாறியது. போதகர் அவள் பெயரைச் சொன்னால் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஒருநாள் என்னிடம், "தம்பிகிட்ட, போகணும்னா போடான்னு சொல்லிப் பாக்கட்டுமாடி?" என்றாள். "சொல்லுங்க பெரியம்மா," என்றேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் மாமனாருக்கு வாதம் வந்து வாய் கோணி, பேச்சும் போய்விட்டது. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

சாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் வந்தார்கள். சாமோலியிலிருந்து செலைமாவும் வந்தாள், தலை முழுக்க நரைத்திருந்தது. எங்கள் குடும்பத்துக்காகப் பேசுகிற பெரியவர் கோலை ஊன்றி நின்று, செத்தவர் இரண்டு ஊருக்கும் சமாதானம் கொண்டுவந்தவர் என்று முழங்கினார். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலித்தால் நிறுத்துவார்கள். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் செலைமா கை உயர்த்தினாள்.

"ஐயா, ஒண்ணு கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவரு எப்பவாவது எங்க வீட்டுக்கு வரணும்னு நெனச்சாரா?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அவரு மனசு உங்களுக்குத் தெரியாததா? அவரு தினமும்..." என்று எதையோ கட்ட ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க ஐயா," என்றாள் பெரியம்மா.

ஊர்த் தலைவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த சபையில், தம்பியின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து குறுக்கே நடந்துபோய், செலைமாவின் காலடியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியில் முகம் சுளித்தது. போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை, எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள்.

"நெனச்சான். சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னான். நான்தான் தடுத்தேன்."

"ஏன்க்கா?"

"உங்க புண்ணக் கிளறக் கூடாதுன்னு சொன்னேன். அது பொய். அவன் போனா நான் மண்டி போட்டது பத்தலன்னு ஆயிடும். ஊரு என்னைப் பத்திப் பேசறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நான் அவனுக்குப் பதிலாப் போனேன்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் போகவேண்டிய எடத்துக்கு அவன விடாமப் பண்ணிட்டேன், அதுதான் நடந்துச்சு. என்னை மன்னிச்சிரு."

போதகர் தலை குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. பாய்க்குள் அவள் கல்லடி பட்டபோதுகூட எனக்கு அவளை நினைத்து இவ்வளவு பெருமை வந்ததில்லை, இவ்வளவு பாவமாகவும் இருந்ததில்லை.

செலைமா குனிந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களை அன்னைக்கே மன்னிச்சிட்டேன்க்கா. அவரு வந்திருந்தா அடிச்சிருப்பேனோ, சாப்பாடு போட்டிருப்பேனோ, எனக்கே தெரியாது. ஆனா வாசல்ல வண்டி நின்னா எட்டிப் பாப்பேன். அவருகிட்ட சொல்லணும்னு ஒரு வார்த்தை வெச்சிருந்தேன். இத்தனை வருஷமா வெச்சிருந்தேன்."

பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"இனிமே அத நான் யாருகிட்டக்கா சொல்றது?"